தமிழில் காரணம், ஆங்கிலத்தில் கட்டளை



நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 2003இல் அவ்விரு பாடங்களும் ஆங்கிலத்திற்கு மாறின. அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அரசு அறிவித்தது. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். பின்னர் 2016இல் டிஎல்பி எனப்படும் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. அதே கேள்வி வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் ஒரே கூற்றைத்தான் கேட்கிறோம். "கூட்டல் கழித்தலைத் தமிழில் சொல்லலாம். உயர்ந்த தொழில்நுட்பத்தைத் தமிழில் சொல்ல முடியாது. எப்படியும் மாறத்தான் போகிறோம், முதலாம் ஆண்டிலேயே மாறிவிட்டால் பிள்ளைக்கு நல்லதுதானே?" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்பவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தம் பிள்ளையையும் நம்மை நம்பி அனுப்பியவர்கள்.

இதற்கு மறுமொழி கூற எழுகின்ற நம்மவர்களில் பலர் தமிழின் தொன்மையைப் பேசி அமர்ந்துவிடுகின்றனர். தொன்மை பெருமைக்குரியதுதான். ஆனால், தம் மகள் பொறியியல் படிக்க வேண்டுமே என்று கவலைப்படும் ஒரு தாய்க்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு விடையாகாது. அவர் கேட்பது எளிய கேள்வி. கணினிக்குள் நடப்பதைத் தமிழில் விளக்க முடியுமா, முடியாதா? முடியும் என்று சொல்பவர் விளக்கிக் காட்ட வேண்டும். அதுவும் எலிப்பொறி, விசைப்பலகை என்று பெயர்ப்பட்டியல் ஒப்புவித்தால் போதாது.

ஆகவே, வேண்டுமென்றே கடினமான ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன். யூனிக்சு குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இயங்குதளத்தை, மிகுவேகப் பிணைய மென்பொருளைத் தொகுத்து ஓட்டுவதற்கு ஏற்பத் தயார்செய்வது எப்படி என்பதே அது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் அக்காள் மகன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்கிறான். தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். விடுமுறையில் வந்திருந்தபோது, தன் பயிற்சிப் பணிக்காக டிபிடிகே என்னும் மென்பொருளை எங்கள் வீட்டுப் பழைய லினக்சுக் கணினியில் நிறுவத் தொடங்கினான். நான் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக லினக்சு பயன்படுத்துகிறேன், உடன் அமர்ந்தேன். ஆங்கிலக் கையேட்டை அவன் தடையின்றிப் படித்தான். கட்டளைகளைப் பிழையின்றித் தட்டினான். "இது எதற்கு?" என்று நான் கேட்ட இடத்தில்தான் நின்றுவிட்டான். "மாமா, செய்யச் சொல்லியிருக்கு, செய்றேன். ஏன்னு யாரு கேட்டா?" என்றான். அந்த "ஏன்" என்பதை நாங்கள் இருவரும் மூன்று மாலைப் பொழுதுகள் தமிழில் பேசித் தீர்த்தோம். அதன் சுருக்கம்தான் கீழே வருவது. கட்டளைகளை நான் எழுதப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. நான் எழுதுவது காரணங்களை.

முதலில் ஒரு கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவர் செய்யக்கூடிய கணக்குதான். இணையத்தில் செல்லும் தகவல் யாவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றது. (நாசி லெமாக் பொட்டலம் என்று சொன்னவுடன் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.) ஈதர்நெட் முறையில் மிகச் சிறிய பொட்டலம் 64 பைட். அதன் முன்னே 8 பைட் அறிவிப்புக் குறி. இரு பொட்டலங்களுக்கு இடையே 12 பைட் அளவுக்கு வெற்றிடம். ஆக மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். ஒரு கம்பியில் நொடிக்கு 10 பில்லியன் பிட் செல்லுமானால், எத்தனை பொட்டலங்கள் செல்லும்? வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 14.88 மில்லியன். ஒரு பொட்டலத்திற்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி. நொடிக்கு 3 பில்லியன் முறை துடிக்கும் செயலிக்கு அந்த இடைவெளியில் கிடைப்பவை சற்றேறக்குறைய 200 துடிப்புகளே. 10 கிகாபிட் அட்டைகள் இன்று பழையவை. தரவு மையங்களில் 100 கிகாபிட் அட்டைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பொட்டலத்திற்கு 6.72 நானோநொடிதான்.

இயங்குதளத்தின் நடுவே இருப்பது கரு. வன்பொருளைத் தொடும் உரிமை வழக்கமாக அதற்கு மட்டுமே உண்டு. பொட்டலம் வந்தால், பிணைய அட்டை செயலிக்கு மணி அடிக்கும். செயலி செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கருவுக்குள் சென்று, பொட்டலத்தை எடுத்து, முகவரி பார்த்து, பயன்பாட்டு மென்பொருளின் இடத்திற்குப் படியெடுத்துக் கொடுக்கும். நம் பள்ளி வாயிலில் இருக்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு எப்போதாவது ஒருவர் வந்து மணியடித்தால், அவர் எழுந்து வந்து கதவைத் திறப்பது சரிதான். இடைநேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பள்ளி முடியும் நேரத்திலும் ஒவ்வொரு பெற்றோரும் மணியடித்து, ஒவ்வொரு மணிக்கும் அவர் எழுந்து வந்து, திறந்து, மூடி, திரும்பிப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சாலை முனைவரை வண்டி நிற்கும். அந்த நேரத்தில் அவர் வாயிலிலேயே நின்றுகொண்டு, வருவோரைப் பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டும். லினக்சின் கருவும் இதை அறியாததன்று. நெரிசல் மிகும்போது மணியை நிறுத்திவிட்டு நேரில் பார்க்கும் வழக்கம் அதற்கு உண்டு. ஆயினும் படியெடுத்தலும் கருவுக்குள் சென்று மீளுதலும் எஞ்சி நிற்கின்றன.

டிபிடிகே செய்வது இதனினும் துணிச்சலானது. கருவை ஒதுக்கிவிட்டு, பயன்பாட்டு மென்பொருளே அட்டையிடம் நேராகப் பேசும். மணி இல்லை. செயலியின் ஓர் உட்கரு எந்நேரமும் வாயிலிலேயே நின்று "வந்ததா, வந்ததா" என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனால், பொட்டலமே வராத நேரத்திலும் அந்த உட்கரு நூறு விழுக்காடு உழைப்பதாகக் கணினி காட்டும். முதன்முறை பார்ப்பவர் கோளாறு என்றே நினைப்பார்.

இது 2010இல் இன்டெல் நிறுவனத்தில் பிறந்தது. அங்குப் பொறியாளராக இருந்த வெங்கி வெங்கடேசன் இதன் தந்தை என்று அத்துறையினரால் அழைக்கப்படுகிறார், 2018இல் காலமானார். 2013இல் இதற்கெனப் பொதுத்தளம் அமைந்தது. 2017இல் லினக்சு அறக்கட்டளையின் கீழ் வந்தது. கட்டற்ற மென்பொருள்; காசு கொடுக்க வேண்டியதில்லை. இதே காலத்தில் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிசி ரிட்சோ என்னும் பேராசிரியர் நெட்மேப் என்ற வேறொரு வழியைக் கண்டார். அவர் 2012இல் வெளியிட்ட கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஓர் உட்கருவை 900 மெகாஹெர்ட்சு வேகத்தில் மட்டும் ஓட்டி, மேலே நாம் கணக்கிட்ட அந்த 14.88 மில்லியனை அவர் எட்டிக் காட்டினார். வேகமான பொருள் வாங்கினால்தான் வேகம் வரும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தயாரிப்பு வேலை. முதற்பகுதி எளிது. மென்பொருள் மூல நிரலாக வருகின்றது. அதை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்ற சி மொழித் தொகுப்பி வேண்டும். எதை எந்த வரிசையில் தொகுப்பது என்று திட்டமிட மீசன், திட்டப்படி வேலை வாங்க நிஞ்சா, இவற்றுக்குத் துணையாகப் பைத்தான், இன்னும் ஓரிரு நூலகங்கள். மீசன் பாடத்திட்டம் வகுப்பவர், நிஞ்சா வகுப்பில் நின்று நடத்துபவர் என்றால் நம் ஆசிரியர்களுக்கு விளங்கும். தொகுத்து நிறுவிய பின்னும் ஒரு கட்டளை உண்டு. பலர் அதை விட்டுவிடுவர். புதிய நூலகங்கள் வந்துள்ளன என்று இயங்குதளத்தின் அட்டவணையைப் புதுப்பிக்கும் கட்டளை அது. பள்ளி நூலகத்திற்குப் புத்தகங்கள் வாங்கி அடுக்கிவிட்டு, பதிவேட்டில் எழுதாமல் விட்டால், தேடுபவருக்கு அவை இல்லாதவைதாமே?

அடுத்தது பெரும்பக்கங்கள். என்னைக் கேட்டால் இந்தத் தயாரிப்பிலேயே அழகான பகுதி இதுதான்.

கணினி தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கின்றது. நம் வீட்டுக் கணினிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். மென்பொருள் பயன்படுத்தும் முகவரி வேறு. நினைவகச் சில்லில் உள்ள உண்மையான இடம் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு பெரிய அட்டவணை உண்டு. ஒவ்வொரு முறையும் அந்த அட்டவணையைப் புரட்டினால் நேரம் போய்விடும். எனவே அண்மையில் பார்த்த பக்கங்களை மட்டும் செயலி ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டில் ஆயிரம், இரண்டாயிரம் வரிகளுக்குத்தான் இடம் உண்டு. 1 கிகாபைட் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தால் 262,144 பக்கங்கள். குறிப்பேட்டில் எப்படிக் கொள்ளும்? கொள்ளாதபோது அட்டவணைக்கு ஓட வேண்டும். அட்டவணை நினைவகத்தில் இருக்கின்றது. அங்கே ஒரு முறை போய்வரவே ஒரு பொட்டலத்திற்குரிய முழு நேரமும் செலவாகிவிடக்கூடும். அதே 1 கிகாபைட்டை 2 மெகாபைட் பக்கங்களாகப் பிரித்தால் 512 பக்கங்கள்தாம். குறிப்பேட்டிலேயே அடங்கிவிடும். 1 கிகாபைட் பக்கமாகவே எடுத்தால் ஒரே வரி. செயலி அதை ஏற்குமா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். சில செயலிகள் 2 மெகாபைட்டோடு நின்றுவிடும்.

இங்கே என் மருமகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "1 ஜிபி பக்கத்த மட்டும் ஏன் கணினி தொடங்கும்போதே ஒதுக்கச் சொல்றாங்க? அப்புறம் ஒதுக்குனா என்ன?" பள்ளிப் பரிசளிப்பு விழாவை நினைத்துப் பார் என்றேன். மண்டபத்தில் முந்நூறு நாற்காலிகள். சிறப்பு விருந்தினர்களுக்கு இருபது நாற்காலிகள் தொடர்ச்சியாக வேண்டும். கூட்டம் வருவதற்கு முன்னரே நாடா கட்டிவிட்டால் எளிது. பெற்றோரெல்லாம் வந்து அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்த பின்னர் தேடினால், நூறு நாற்காலிகள் காலியாக இருக்கலாம்; ஆனால் இருபது ஒன்றாக இருக்கா. நினைவகமும் அப்படியே. காலி இடம் இருப்பது வேறு, தொடர்ச்சியான காலி இடம் இருப்பது வேறு. யூனிக்சு குடும்பத்தின் மற்றொரு பிள்ளையான ஃபிரீபிஎஸ்டியில் இதற்கெனவே ஒரு கருப்பகுதி உண்டு. அதையும் கணினி தொடங்கும்போதே ஏற்றிவிடும்படிதான் கையேடு கூறுகின்றது. காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொண்டவன் இரண்டு இயங்குதளங்களையும் புரிந்துகொண்டான். கட்டளையை மட்டும் மனனம் செய்தவன் ஒவ்வொன்றுக்கும் புதிதாக மனனம் செய்ய வேண்டும்.

பெரும்பக்கங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. கரு அவற்றை வட்டுக்கு அனுப்பி இடம் பிடிக்காது. அட்டை நேராக நினைவகத்தில் எழுதும்போது, எழுதும் இடம் திடீரென நகர்ந்துவிடக் கூடாதல்லவா?

மூன்றாவது பகுதி அட்டையைக் கருவிடமிருந்து விடுவித்து மென்பொருளிடம் ஒப்படைப்பது. இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று நகைச்சுவை போலத் தோன்றும். தொலைவில் உள்ள கணினியில் வலை வழியாக நுழைந்து வேலை செய்கிறீர்கள். எந்த அட்டை வழியாக நுழைந்தீர்களோ அதையே விடுவித்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான், தொடர்பு அறுந்துவிடும். இதற்கென உள்ள கருவி அறிவுள்ளது. அந்த அட்டை புழக்கத்தில் இருக்கிறது என்று கண்டால் மாற்ற மறுத்துவிடும். ஆனால் "வற்புறுத்து" என்றொரு சொல்லைச் சேர்த்தால் செய்துவிடும். இணையத்தில் கிடைக்கும் சில குறிப்புகள் அந்தச் சொல்லை முதலிலேயே சேர்த்தே எழுதியிருக்கின்றன!

இரண்டாவது நகைச்சுவை அன்று. பிணைய அட்டை செயலியைக் கேளாமலே நினைவகத்தில் எழுத வல்லது. வழக்கமாக எங்கே எழுதலாம் என்று கரு அதற்குச் சொல்லும். கருவை ஒதுக்கிவிட்டோமே, இப்போது தவறான முகவரி கொடுத்தால்? நினைவகத்தின் எந்த மூலையிலும் அது எழுதிவிடலாம், இயங்குதளமே விழலாம். இதைத் தடுக்க ஐஓஎம்எம்யூ என்னும் காவல் உறுப்பு செயலியில் இருக்கின்றது. அட்டைக்கு இந்த இந்த அறைகளுக்குள் மட்டும் செல்ல அனுமதி என்று அது வரையறுக்கும். விஎஃப்ஐஓ என்னும் இயக்கி இந்தக் காவலோடு சேர்ந்து வேலை செய்கின்றது. காவல் இல்லாமலும் ஓட்ட ஒரு வழி உண்டு. அது பாதுகாப்பற்றது என்று அதன் அமைப்பிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் பயோசில் ஒரு பொத்தானை மாற்றி, தொடங்கும் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் காவல் வந்துவிடும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் காவலை நீக்கி ஓட்டிவிட்டு "வேலை செய்கிறது" என்று மகிழ்பவர் எத்தனை பேர்!

உட்கருக்களை ஒதுக்குவது, மின்சேமிப்பை அடக்கி வைப்பது, இரண்டு செயலிகள் உள்ள இயந்திரத்தில் அட்டைக்கு அருகிலுள்ள நினைவகத்தையே எடுப்பது என்று இன்னும் சில உள்ளன. விரிவஞ்சி விடுகிறேன்.

மேலே எழுதியவற்றை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். எங்கேயாவது தமிழ் நின்றுவிட்டதா? பொட்டலம், கரு, பக்கம், அட்டவணை, குறிப்பேடு, காவல் ஆகியன எல்லாம் நான்காம் ஆண்டு மாணவர் அறிந்த சொற்கள். பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டேன். மீசனுக்கும் நிஞ்சாவுக்கும் தமிழ்ப்பெயர் தேடுவது வீண் வேலை. அவை இடுகுறிப் பெயர்கள். பைட், பிட் ஆகியவற்றையும் விட்டுவிட்டேன். சொல்லாக்கத்தில் நம்மவர் சிலருக்கு அளவுகடந்த ஆர்வம் உண்டு. ஐஓஎம்எம்யூவுக்கு ஐந்து சொற்களில் ஒரு தொடரை உருவாக்கி, அதை மாணவர் மனனம் செய்ய வேண்டும் என்பர். அந்தத் தொடரை ஒப்புவிக்கத் தெரிந்து, அது எதற்கு என்று தெரியாத மாணவனுக்கும், ஆங்கிலத்தில் கட்டளை தட்டத் தெரிந்து காரணம் தெரியாத மாணவனுக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. சொல் கடனாக இருக்கலாம். காரணத்தைக் கடனாகக் கொடுக்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிபிடிகேயின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கின்றது. பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. இத்துறையில் வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்றியமையாதது. அதில் எனக்கு ஐயமே இல்லை. தமிழில் விளக்கிவிட்டால் ஆங்கிலம் தேவைப்படாது என்று பேசும் நண்பர்களோடு நான் உடன்படுவதில்லை. ஆனால், ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிக்க வேண்டிய இடம் ஆங்கில வகுப்பு. அங்கே கற்பித்தல் சரியில்லை என்றால் அதைச் சரிசெய்யக் கேட்க வேண்டும். அந்தக் குறையை நிரப்ப அறிவியல் வகுப்பைப் பிடுங்கிக் கொடுப்பதால், ஆங்கிலமும் அரைகுறை, அறிவியலும் அரைகுறை என்று ஆகிவிடுகின்றது. 67.2 நானோநொடி எங்கிருந்து வந்தது என்று வகுத்துப் பார்க்கும் பிள்ளை, அந்த நேரத்தில் மொழியோடு போராடிக்கொண்டிருக்கக் கூடாது. எண்ணோடுதான் போராட வேண்டும்.

"எங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள்" என்று சொல்லும் பெற்றோர்களும் உள்ளனர். நகர்ப்புறத்தில் சற்று மிகுதி. சிங்கப்பூர் ஆசிரிய நண்பர்கள் இதை எங்களைவிட நன்கு அறிவர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. பிற பாடங்கள் ஆங்கிலத்தில். அப்பிள்ளைகளுக்குக் காரணம் எந்த மொழியில் எளிதாகப் புரியுமோ அந்த மொழியில் சொல்லுங்கள் என்பேன். ஆனால் தமிழ்ப்பள்ளி வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அவ்வீடுகளிலிருந்து வருவதில்லை. தோட்டத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, இரவு வேலைக்குப் போகும் தந்தையின் பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை ஆகியோர் என் வகுப்பில் எப்போதும் இருந்திருக்கின்றனர். விளக்கம் ஆங்கிலத்திற்கு மாறினால் முதலில் வாய் மூடிக்கொள்பவர்கள் இவர்கள். "ஏன் சார்?" என்று கேட்பதை நிறுத்திவிடுகின்றனர். கேள்வி கேட்கும் பழக்கம் ஏழு வயதில் போய்விட்டால் பதினேழு வயதில் திரும்பிக் கிடைப்பது அரிது.

இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் வந்துவிட்டன. என் மருமகன் அதனிடமும் கேட்டான். கட்டளைகளை வரிசையாகக் கொட்டியது. அவற்றுள் காவலை நீக்கும் வரியும் ஒன்று. அது பிழையான கட்டளை அன்று, ஓடும். தேவையற்ற இடரைத் தரும், அவ்வளவுதான். ஐஓஎம்எம்யூ என்றால் என்ன என்று முந்தைய மாலைதான் பேசியிருந்ததால், அந்த வரியைக் கண்டவுடன் அவன் நிறுத்தினான். முழு அதிகாரம் பெற்ற பயனராக உட்கார்ந்து, பொருள் தெரியாத வரிகளைத் தட்டும் பழக்கம் இனி வளரத்தான் போகிறது. அதை எதிர்க்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி காரணம் கேட்கும் பழக்கம்.

பெற்றோர்களில் பலர் என்னிடம் கேட்பது வேறு. "எந்த நிரலாக்க மையத்திற்கு அனுப்பலாம்?" வண்ணக் கட்டங்களை இழுத்துப் போட்டுப் பூனையை நடக்கவிடும் வகுப்புகளை நான் குறைகூறவில்லை; தொடக்கத்திற்கு நல்லவை. நம் பள்ளிப் பாடத்திலேயே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இருக்கின்றது. அதைக் கடமைக்கு நடத்தாமல் நடத்தினாலே பாதி வேலை முடியும். ஆனால் அவ்வகுப்புகளில் எல்லாம் முன்னரே தயாராக இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் ஓடும். உண்மையான வேலையில் எதுவும் தயாராக இருப்பதில்லை. தொகுப்பி இல்லை, நூலகம் பழையது, நினைவகம் ஒதுக்கப்படவில்லை, அட்டை வேறொன்றின் பிடியில் இருக்கிறது. எங்கள் மூன்று மாலைகளில் இரண்டரை மாலை தயாரிப்புக்கே போயிற்று. முடிவில் திரையில் வந்தவை நான்கு வரிகள்: ஒவ்வோர் உட்கருவும் வணக்கம் சொல்லிற்று. அவ்வளவுதான்! ஆனால் அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனால் தன் தாயாருக்குத் தமிழில் சொல்ல முடிந்தது. அக்காள் பொறியியல் படித்தவர் அல்லர். நாற்காலி விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப வேண்டாத நேரத்துல அந்த இடம் வீணாத்தானே கெடக்கும்?" என்று கேட்டார். உண்மைதான். ஒதுக்கிய பெரும்பக்கங்களை வேறு மென்பொருள்கள் வழக்கம்போல் பயன்படுத்த இயலா. 4 கிகாபைட் கணினியில் பாதியை ஒதுக்கினால் மற்ற வேலைகள் திணறும். கையேட்டைப் படித்த நாங்கள் இருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

தமிழும் கணினியும் நம் நாட்டாருக்குப் புதிய உறவன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குக் கற்பித்த நா. கோவிந்தசாமி அவர்கள் 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். கணினி நிறுவனத்தவர் அல்லர், ஆசிரியர், எழுத்தாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய முரசு அஞ்சலில்தான் நம்மில் பலர் முதன்முதலில் தமிழ் தட்டினோம். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில்தான் முதலில் கூடியது. எழுத்துருவும் விசைப்பலகையும் நமக்குக் கிடைத்துவிட்டன. அவற்றைக் கொண்டு நாம் என்ன எழுதினோம்? வாழ்த்தும் கவிதையும் நிறைய எழுதினோம். ஒரு பிணைய அட்டை எப்படி வேலை செய்கிறது என்று எழுதியவர் மிகச் சிலர். விளக்கங்கள் எழுதப்படாதவரை, "தமிழில் சொல்ல முடியாது" என்பவரிடம் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. எழுத வேண்டியவர்கள் பேராசிரியர்கள் மட்டுமல்லர். எளிதாகச் சொல்வது நம் தொழில். அந்தத் தொழிலைப் பயிற்சிக் கழகத்தில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நாம்.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், இடைநிலைப்பள்ளியில் பிள்ளைகள் உள்ள பெற்றோர்களுக்கும் சில நடைமுறைக் குறிப்புகள். விலையுயர்ந்த அட்டை வேண்டியதில்லை. அட்டையே இல்லாமல், மென்பொருளுக்குள் இருக்கும் போலி அட்டையைக் கொண்டு டிபிடிகேயை ஓட்டலாம். பெரும்பக்கம் ஒதுக்காமலும் ஓட்ட வழி உண்டு. வேகம் இராது, கற்க அது போதும். 4 கிகாபைட் நினைவகமும் 64 பிட் செயலியும் உள்ள பழைய கணினி போதும். பெரும்பக்கம் ஒதுக்கிப் பார்க்க விரும்பினால் 2 மெகாபைட் பக்கங்கள் 256 எடுங்கள். அரை கிகாபைட் ஆகும். வீட்டு வேலைகள் உள்ள கணினியில் செய்யாமல் தனிக் கணினியிலோ மெய்நிகர்க் கணினியிலோ செய்யுங்கள். பிள்ளை ஒவ்வொரு கட்டளையையும் தட்டும் முன்னர், அது எதற்கு என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வரியைத் தட்ட வேண்டாம். அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.